விசில் வாங்குறதுக்கு முன்னாடி

மாப்ள, பி.பி.எட். படிக்கப் போறியாமே! உங்க அம்மா நேத்து வாசல்ல நின்னபடியே சொல்லிட்டுப் போனா. "அண்ணே, இத்தனை வருஷமா வெளையாடி வெளையாடிச் செருப்பைத் தேய்ச்சான். இனிமே வெளையாடுறதுக்கே கவர்மெண்டு சம்பளம் குடுக்குமாம்"னு முகம் பூரா பல்லு. என் தங்கச்சி வெள்ளந்தி, அவளை விட்டுரு. நீ ஒரு பட்டம் வாங்கினவன், உனக்காவது வெவரம் இருக்கணும். டிரில் வாத்தியார் வேலைங்கிறது நீ வெளையாடுற வேலை இல்ல. நீ வெயில்ல நிக்கணும், ஊரார் பிள்ளைக வெளையாடணும். சம்பளம் நிக்கிறதுக்குத்தான்.

இவருக்கு எப்படித் தெரியும்னு பாக்குறியா? நான் எம்.எட். படிக்கல, பள்ளிக்கூடத்துப் பியூனா இருந்தவன். டிரில் வாத்தியாருங்க வருவாங்க, மாத்தலாகிப் போவாங்க. அவங்களுக்குச் சுண்ணாம்பு மூட்டை சுமந்ததும், அளவு போடுற கயித்தோட மறுமுனையப் பிடிச்சதும் நான்தான். பாதிப் படிப்பு அந்தக் கயித்து வழியாவே எனக்கு வந்துருச்சு. ஃபீஸ் கேக்காமச் சொல்றேன், கேட்டுக்க.

கபடியில காலப் பிடிச்ச மாதிரி காலேஜ் சீட்டையும் பிடிச்சிரலாம்னு நெனைக்காத. ஏதாச்சும் ஒரு பட்டத்துல 50 சதவீதம் மார்க் வேணும். அங்கீகாரம் உள்ள போட்டியில கலந்துக்கிட்டதுக்குச் சான்றிதழ் வேணும். பி.பி.இ. மாதிரி வெளையாட்டுப் படிப்பையே படிச்சிட்டு வாறவனுக்கு 45 போதும். அதுக்கு மேல ஓடவிட்டுத் தாண்டவிட்டுப் பாப்பாங்க. சில பேரு கல்யாண ஆல்பம் கணக்கா ஃபைலத் தூக்கிக்கிட்டு வருவான். 100 மீட்டர் ஓடச் சொன்னா அந்த ஃபைல்தான் முன்னால வந்து சேரும், ஆளு பின்னால வருவான். நீ இன்னையிலேருந்து புரோட்டாவக் கொறை.

முன்ன இது ஒரு வருஷப் படிப்பு. 2014ல தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் விதிய மாத்தி ரெண்டு வருஷமாக்கிருச்சு. பிளஸ் டூ முடிச்சதும் படிக்கிறது டி.பி.எட்., அது சின்ன வகுப்புக்கு. உன் பி.பி.எட். 6லேருந்து 10 வரைக்கும் பாடம் நடத்துறதுக்கு. 11, 12 பிள்ளைகளோட வெளையாட்டையும் நீதான் பாத்துக்கணும். மேல்நிலைப் பள்ளியில உடற்கல்வி இயக்குநர்னு பலகை மாட்டிக்கிட்டு ஒக்காரணும்னா எம்.பி.எட்.னு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. ஆக, வெளையாடுறதுக்கு நாலு வருஷம் படிக்கணும். இத உங்க அம்மாகிட்ட இப்பச் சொல்லாத, பாவம்.

எங்க சேரலாம்னு கேட்டா எடத்துக்குக் குறைவில்ல. சென்னை நந்தனத்துல ஒய்.எம்.சி.ஏ. காலேஜு இருக்கு. அமெரிக்காவுலேருந்து வந்த ஹாரி குரோ பக்னு ஒரு துரை 1920ல ஆரம்பிச்சது. 1924ல பாரிஸ் ஒலிம்பிக்ஸுக்குப் போன நம்ம நாட்டு அணியப் பொறுப்பேத்துக் கூட்டிட்டுப் போனவரும் அவருதான். காரைக்குடியில அழகப்பா, திருச்செந்தூர்ல சிவந்தி ஆதித்தனார், கோயம்புத்தூர்ப் பக்கம் பெரியநாயக்கன்பாளையத்துல ராமகிருஷ்ண மிஷன்காரங்களோட மாருதி காலேஜு. இதுக்குன்னே ஒரு பல்கலைக்கழகமும் 2004ல சட்டம் போட்டு உண்டாக்கினாங்க, வண்டலூர் தாண்டி மேலக்கோட்டையூர்ல இருக்கு. திருச்செந்தூர்ல சேந்தா எனக்கும் வந்து போக ஒரு சாக்கு. முருகன் தரிசனமும் ஆகும், உன் ஹாஸ்டல் சாப்பாட்டையும் ஒரு கை பாத்துரலாம்.

சேந்ததும் உனக்கு ஒரு அதிர்ச்சி காத்திருக்கு. பந்து குடுப்பாங்கன்னு கைய நீட்டுவ, புஸ்தகம் குடுப்பாங்க. ஒடம்புல இருக்குற 206 எலும்பையும் பேர் சொல்லணும். எந்தத் தசை சுருங்குனா எந்த மூட்டு மடங்கும்னு படம் போடணும். உளவியல் உண்டு, புள்ளியியல் உண்டு, நிர்வாகம் உண்டு. ஒன்பதாவதுல அறிவியல் வாத்தியாரக் கண்டு சுவரேறிக் குதிச்சியே, அந்த அறிவியல் இங்க உனக்காக முன்வரிசையில ஒக்காந்திருக்கும். கொட்டாவி விட்டுறாத. பின்னால பிள்ளைக உசுரக் காப்பாத்தப் போறது இந்தப் பாடந்தான்.

எப்படின்னு கேளு. காலையில வழிபாட்டுக் கூட்டம் நடக்குது. தலைமையாசிரியர் பேசுறாரு, பேசுறாரு, பேசிக்கிட்டே இருக்காரு. மூணாவது வரிசையில ஒரு பிள்ளை சடார்னு விழுது. நம்மாளுக ஓடிப் போயிச் சுத்தி நின்னு இருக்குற காத்தையும் அடைச்சிருவோம், ஒருத்தன் சோடா எங்கேம்பான். படிச்ச வாத்தியாருக்குத் தெரியும்: வெயில்ல அசையாம நின்னா ரத்தம் கால்லயே தங்கிரும், மூளைக்குப் போறது குறையும், ஆளு விழுவான். மல்லாக்கப் படுக்கவச்சு, காலத் தூக்கிப் பிடிச்சு, கூட்டத்த வெலக்குனாலே பெரும்பாலும் கண்ணத் தொறந்துருவான். விழாம இருக்கணும்னா, நிக்கும்போதே குதிகால ஏத்தி எறக்கிக்கிட்டே இருங்கன்னு சொல்லிவைக்கணும். தலைமையாசிரியர் பேச்சச் சுருக்கினா இன்னும் நல்லது. ஆனா அதுக்கு எந்தக் காலேஜுலயும் பாடம் கிடையாது.

வலிப்பு வந்தா சாவிக்கொத்தக் கையில திணிக்கிறது நம்ம ஊரு வைத்தியம். எந்தப் பூட்டத் தொறக்கன்னு யாரும் கேட்டதில்ல. நீ படிச்சிட்டு வந்து செய்ய வேண்டியது: பக்கத்துல கெடக்குற கல்லு கட்டைய ஒதுக்கு, ஒருக்களிச்சுப் படுக்கவை, வாயில எதையும் வைக்காத, அமுக்கிப் பிடிக்காத, கடியாரத்தப் பாரு. அஞ்சு நிமிசம் தாண்டுச்சுன்னா 108க்குப் போன் போடு. கால் பெசகிக்கிட்டா உங்க அத்தைகிட்டக் கூட்டிட்டு வந்துறாத. அவ எண்ணெயக் காச்சி, நீவி நீவி, சின்ன வீக்கத்தப் பெருசாக்கிருவா. ஐஸைத் துணியில சுத்தி வை, கட்டுப் போடு, காலத் தூக்கி வை, ஓய்வு குடு. எலும்பு முறிஞ்சிருக்குமோன்னு சந்தேகம் வந்தா அசைக்காம ஆஸ்பத்திரி. இத நான் சொன்னேன்னு உங்க அத்தைகிட்டச் சொன்னா, இந்த வீட்டுல உனக்குக் காப்பி கிடையாது.

அடுத்தது மைதானம். அங்கதான் என் கயிறு வருது. கபடிக்கு ஆம்பளைகளுக்கு 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். பொம்பளைகளுக்கு 12க்கு 8. இத மனப்பாடம் பண்றது சுலபம், மூலை கோணாமப் போடுறது கஷ்டம். கயித்துல 3, 4, 5ன்னு அளந்து மூணு முளையில இழுத்துக் கட்டுனா மூலை தானா நேராயிரும். நம்ம கொத்தனாரு மூலைமட்டம் பாக்குறது இதே கணக்குல. அவரு பித்தாகரஸைக் கண்டாரா? சுண்ணாம்பும் பாத்து வாங்கு. நீத்தாத சுண்ணாம்ப எறச்சு வச்சீன்னா விழுந்த பையனுக்குத் தோலு வெந்துரும். நீத்தின தூளுகூடக் கண்ணுல பட்டா ஆகாது. கடைக்காரன் குடுக்குறத வாங்கிட்டு வந்துட்டு அரசாங்கம் குடுத்ததும்பாங்க. நீ நீத்தினதுதானான்னு கேட்டுப் பாத்து வாங்கு.

இனிமே சொல்லப் போறத நல்லா கேளு, அந்த செல்ல மடியில வை. 400 மீட்டர் ஓடுபாதை இருக்குல்ல? உள்வளைவோட ஆரம் 36.5 மீட்டர், நேர்பகுதி ஒவ்வொண்ணும் 84.39 மீட்டர், ஒரு பாதையோட அகலம் 1.22 மீட்டர். மொதப் பாதைக்காரன் ஒரு சுத்து ஓடுனா 400. எட்டாவது பாதைக்காரன் அதே கோட்டுல நின்னு ஒரு சுத்து ஓடுனா 453 மீட்டர் ஓடியிருப்பான். அதனால ரெண்டாவது பாதைக்காரனோட கோட்ட 7.04 மீட்டர் முன்னால தள்ளிப் போடணும். அதுக்கு மேல ஒவ்வொரு பாதைக்கும் இன்னொரு 7.67 மீட்டர் கிட்டத் தள்ளணும். எட்டாவது ஆளு 53 மீட்டர் முன்னால நிப்பான்.

ஒரு தடவ வெளையாட்டு விழா பாக்க வந்த ஊர்ப் பெரிய மனுசரு, "அதென்ன, அவன் மட்டும் அம்புட்டு முன்னால நிக்கான்? வாத்தியாருக்குச் சொந்தக்காரனா?"ன்னு சத்தம் போட்டாரு. வாத்தியாரு அளவு நாடாவ அவரு கையில குடுத்து, "நீங்களே எட்டாவது பாதையில ஒரு சுத்து அளந்து பாருங்க ஐயா"ன்னாரு. பெரிய மனுசரு வளைவோட பாதியிலயே மூச்சு வாங்கி ஒக்காந்துட்டாரு. அன்னையோட அந்தக் கேள்வி நின்னுச்சு.

உன் படிப்பு மொத்தமும் அந்த 7.04ல இருக்கு மாப்ள. எல்லாரையும் ஒரே கோட்டுல நிக்கவச்சா அது நியாயம் மாதிரி தெரியும். வளைவு எங்க இருக்கு, எவன் கூட ஓட வேண்டியிருக்குன்னு பாத்து, கோட்டத் தள்ளிப் போடுறவன்தான் வாத்தியாரு. தரையில போடத் தெரிஞ்சவங்க ஏராளம். வகுப்புல போடத் தெரிஞ்சவங்கள நான் கொஞ்சம் பேரத்தான் பாத்திருக்கேன்.

பயிற்சிக்குன்னு உன்ன ஒரு பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவாங்க, அப்பத் தெரியும் உன் சங்கதி. பாடத்திட்டம் எழுதணும்: வரிசை, சூடேத்துற பயிற்சி, செஞ்சு காட்டுறது, செய்யவைக்கிறது, ஒரு சின்ன வெளையாட்டு, கலைஞ்சு போறது. காலேஜு வாத்தியாரு பின்னால நோட்டோட நிப்பாரு. அன்னைக்கு உன் விசில் சத்தம் மூணு ஊருக்குக் கேக்கும். அவரு பஸ் ஏறுனதும் என்ன பண்ணுவ? அதுக்கொரு பழைய முறை இருக்கு. பந்தத் தூக்கிப் போடு, வேப்பமரத்தடியில நாற்காலியப் போடு, மணி அடிக்கிற வரைக்கும் பேப்பர் படி. ஒரு பந்து, நாப்பது பிள்ளைக. நல்லா ஆடத் தெரிஞ்ச பத்துப் பேரு ஆடுவான், பத்துப் பேரு பந்து பொறுக்குவான், மிச்சம் இருபது பேரு உன் மரத்துக்குப் பின்னால ஒக்காந்து மண்ணக் கிளறுவான். அந்தப் பத்துப் பேரு கோப்பை வாங்கிட்டு வருவான், உன் படத்தோட அது பேப்பர்ல வரும். உனக்கு நல்ல பேரு. அந்தப் பத்துப் பேரும் நீ இல்லேன்னாலும் ஆடியிருப்பாங்கங்கிறத மட்டும் யார்கிட்டயும் சொல்லிறாத.

கம்மாத் தண்ணி மடையோர வயலுக்குத் தானாப் பாஞ்சிரும். நீர்பாய்ச்சிக்கு நாம கூலி குடுக்குறது கடைமடை வயலுக்காக.

மரத்துக்குப் பின்னால இருக்குறது யாருன்னு ஒரு நாள் எட்டிப் பாரு. குண்டா இருக்கான்னு எல்லாரும் சிரிச்சதால சட்டையக் கழட்ட மாட்டேங்குறவன் ஒருத்தன். ஓடுனா இளைப்பு வாறவன் ஒருத்தன். அவனுக்கு மெதுவாச் சூடேத்தி, டாக்டர் குடுத்த மருந்த இழுத்துக்கச் சொன்னா அவனும் ஓடுவான். காலையில சாப்பிடாம வந்தவன் ஒருத்தன். அவன எட்டு மணி வெயில்ல ஓடவிட்டா அது பயிற்சி இல்ல, பாவம். பொம்பளப் பிள்ளைகளுக்கு ஒரு ரிங்கத் தூக்கிக் குடுத்து ஓரமா ஆடுங்கம்மான்னு சொல்லிருவாங்க. வயித்து வலின்னு ஒரு பிள்ளை வந்து நின்னா, என்ன ஏதுன்னு நாலு பேரு முன்னால நோண்டாத. உக்காரும்மான்னு சொல்லு, அடுத்த வாரம் மறக்காமக் கூப்பிடு. உங்க அம்மா சின்ன வயசுல என்னைய விட வேகமா ஓடுவா, தெரியுமா? எந்த வாத்தியாரும் கூப்பிடல. அதான் இப்ப உன் பின்னால தொடப்பத்தோட ஓடுறா.

நாப்பது பேருக்கு ஒரு பந்துதான் இருக்குன்னா, நாலு கூட்டமாப் பிரி. ஒரு கூட்டத்துக்குப் பந்து, ஒண்ணுக்குக் கயிறு தாண்டுறது, ஒண்ணுக்குத் தொடர் ஓட்டம், ஒண்ணுக்குக் கபடி. நேரம் வச்சு மாத்திவிடு. கபடிக்கு ஒரு காசு செலவில்ல, கோடு போட்டாப் போதும். அதுல இன்னொரு வசதியும் இருக்கு. எவன் எந்தத் தெருன்னு பாத்துக்கிட்டு ஆட முடியாது, காலப் பிடிச்சே ஆகணும், கட்டிப் பிடிச்சே ஆகணும். தெருவுல தள்ளி நிக்கிறவனெல்லாம் அங்க மண்ணுல ஒண்ணாப் பொரளுவான். கையக் கோத்து நில்லுங்கடான்னு வாத்தியார் சொன்னா ஆட்ட விதிம்பாங்க. அத நான் சொன்னா ஊர்க் கூட்டம் போடுவாங்க.

எறியுற வெளையாட்டுல மட்டும் தயவு தாட்சண்யம் பாக்காத. ஈட்டி, வட்டு, குண்டு எதுவானாலும் எல்லாரும் எறிஞ்சு முடிக்கணும், நீ விசில் ஊதணும், அப்புறந்தான் எடுக்கப் போகணும். பெரிய ஆம்பளைக குண்டு 7.26 கிலோ, பொம்பளைக குண்டு 4 கிலோ. பள்ளிப் பிள்ளைக்கு வயசுக்குத் தக்கன கொறஞ்ச எடை இருக்கு. அறையில கெடக்கிறது ஒண்ணுதானேன்னு ஏழாங்கிளாஸ்காரன் கையில பெரிய குண்டக் குடுத்தா, அவன் எறிய மாட்டான், காலுல போட்டுக்குவான்.

போட்டி நடத்துற கணக்கும் கத்துத் தருவாங்க. 11 அணி வந்துச்சுன்னு வையி. தோத்தவன் வெளியன்னு நடத்துனா 10 ஆட்டம், அஞ்சு அணிக்கு மொதச் சுத்துல ஆட்டம் கிடையாது. எல்லாரும் எல்லாரோடயும் ஆடணும்னா 55 ஆட்டம். தலைமையாசிரியர், "சாயங்காலத்துக்குள்ள முடிச்சிருங்க சார், டீச்செலவு ஆவுது"ம்பாரு. அவருக்கு 10தான் பிடிக்கும். ஆனா 10 ஆட்டத்துல பல அணி ஒரே ஆட்டத்தோட பஸ் ஏறிரும். வகுப்புகளுக்குள்ள நடத்தும்போதாவது 55ஐக் கேட்டு வாங்கு, வாரக் கணக்குல நடந்தா நடக்கட்டும். குறுவட்டப் போட்டிக்குப் போனா 14 வயசு, 17 வயசு, 19 வயசுன்னு பிரிவு இருக்கும். எதிரணி 14 வயசுக்காரன் மீசைய முறுக்கிக்கிட்டு நிப்பான். அதப் பாத்து நீயும் நம்ம பக்கம் மீசை தேடிப் போயிராத. பிறந்த சான்றிதழத் திருத்தக் கத்துக்குடுத்த வாத்தியார் அப்புறம் நேர்மையப் பத்திப் பேசுனா, பையன் மீசைக்குள்ள சிரிப்பான்.

படிச்சு முடிச்சா வேலை கையில வந்து விழுமான்னு கேக்காத. அரசுப் பள்ளிக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் அறிவிப்பு விடணும். 2017ல சிறப்பாசிரியர்களுக்குப் போட்டித் தேர்வு வச்சாங்க, அதுல உடற்கல்வியும் இருந்துச்சு. அந்த மாதிரி அறிவிப்புக்கு வருஷக் கணக்குல கண்ணுல வெளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாத்திருக்கணும். 2012ல மாசம் 5,000 ரூபாய்க்குப் பகுதிநேரமாச் சேந்தவங்களும் நிரந்தரமாக்குங்கன்னு கேட்டுக் கேட்டு நரைச்சிட்டாங்க. தனியார் பள்ளியில ஒடனே கெடைக்கும். அங்க வெளையாட்டு போக, பஸ்ஸுல பிள்ளை ஏத்துறது, ஃபீஸ் கட்டாதவன் பேரை வாசிக்கிறது, ஆண்டு விழாவுக்குப் பந்தல் போடுறது எல்லாம் உன் பாடத்துல சேரும். பொண்ணு பாக்கப் போற எடத்துல, "மாப்பிள்ளை என்ன பாடம்?"னு கேப்பாங்க. உடற்கல்வின்னதும், "அது சரி, பாடம் என்ன?"ன்னு திரும்பக் கேப்பாங்க. நான் கூட இருந்தா 206 எலும்பையும் சொல்லச் சொல்லுவேன், தயாரா இரு.

பள்ளிக்கூடத்துல உன்னைய நாலு பேரு நாலு வேலைக்குக் கூப்பிடுவாங்க. முடி வளத்தவனப் பிடிக்க, லேட்டா வந்தவன நிறுத்த, சத்தம் போடுறவன மெரட்ட. பெரிய தோள் இருக்குல்ல, அடியாள் வேலைக்குத் தோதுன்னு நெனைப்பாங்க. பிள்ளைய அடிக்கக் கூடாதுன்னு 2009 கல்வி உரிமைச் சட்டத்துல 17ஆம் பிரிவே இருக்கு, அத எடுத்துக் காட்டு. அடிக்கத்தான கூடாது, மைதானத்தப் பத்துச் சுத்து ஓடவிடுங்கம்பாங்க. அதுக்குத்தான் மொதல்ல மாட்டேன்னு சொல்லணும். கணக்குல தப்புப் பண்ணதுக்குக் கணக்கையே தண்டனையாக் குடுத்தா கணக்கு வாத்தியாருக்குக் கோவம் வரும்ல? உன் பாடத்தத் தண்டனையாக் குடுக்கச் சொல்றப்ப உனக்கும் வரணும். ஓட்டம்னாலே தப்புக்குக் கூலின்னு பழகினவன், பள்ளிக்கூடத்த விட்டுப் போனப்புறம் எதுக்கு ஓடுவான்?

கணக்கு வாத்தியார்னதும் ஞாபகம் வருது. பரீட்சை நெருங்குனா, "சார், இன்னைக்கு உங்க பீரியடு நான் எடுத்துக்கிறேன், போர்ஷன் முடியல"ன்னு சிரிச்சிக்கிட்டே வருவாரு. சண்டைக்குப் போகாத. "தாராளமா எடுங்க சார், மைதானத்துல வந்து எடுங்க"ன்னு சொல்லு. கயித்தக் கையில குடு. 3, 4, 5ல முக்கோணம் போடச் சொல்லு. எட்டாவது பாதை 53 மீட்டர் முன்னால வாறது எப்படின்னு பிள்ளைகள வச்சு அளந்து காட்டச் சொல்லு. பிள்ளைக நடந்து, குனிஞ்சு, ஓடி அளப்பாங்க. அவரு போர்ஷனும் முடியும், உன் போர்ஷனும் முடியும். ரெண்டாவது தடவ அவரு வர மாட்டாரு, வெயில் ஒத்துக்காது.

கடைசியா, நீ நல்ல வாத்தியாரான்னு நீயே தெரிஞ்சுக்க ஒரு வழி சொல்றேன். தலைமையாசிரியர் ரூம்ல இருக்குற கண்ணாடி அலமாரிக் கோப்பைய எண்ணாத. உன் பீரியடு முடிஞ்சு பிள்ளைக தண்ணிக் குழாய்க்கு ஓடும்போது, எத்தனை முதுகு நனைஞ்சிருக்குன்னு எண்ணு. ஒரே ஒரு சட்டை காஞ்சு கெடந்தாலும், அந்தப் பிள்ளை பேரக் கேட்டுக் குறிச்சுக்க. அடுத்த வகுப்புல அந்தப் பிள்ளைக்குக் கோட்டத் தள்ளிப் போடு. எம்புட்டுத் தள்ளணும்னு மட்டும் என்கிட்ட வந்து கேக்காத. அத அளக்குற கயிறு கடையில விக்கிறதில்ல. அதக் கத்துக்கத்தான் உனக்கு ரெண்டு வருஷம் குடுத்திருக்காங்க.